வெளுப்புக்காரரும் கஷாயமும்

கறுப்பைப் போக்குவதற்கே கை பழகிய ஒருவர், அந்தக் கறுப்பைப் பற்றிக் கற்றுக்கொள்ள ஓர் ஆசிரியையிடம் போய்ச் சேர்ந்தார்.

அவர் பெயர் பொன்னுரங்கம். வயது ஐம்பத்தாறு. ஆற்றோரத்துக் காகித ஆலையின் வெளுப்புப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆசிரியையின் பெயர் மெஹருன்னிசா. வேளாண் கல்லூரியில் வேதியியல் கற்பித்து வந்தார். அவருக்கு வயது முப்பத்தெட்டுதான்.

அந்த ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்தார்கள். சக்கையைக் காரத்தில் வேகவைத்தால் நார் தனியே பிரியும். நாரோடு நாரை ஒட்டிக் கரும்பை நிமிர்த்தி வைத்திருந்த பொருள், கரைந்து கறுத்த சாறாக வடியும். அப்பொருளைப் படித்தவர்கள் லிக்னின் என்பார்கள். ஆலைக்காரர்கள் அந்தச் சாற்றைக் கஷாயம் என்று சொல்லிப் பழகியிருந்தார்கள். நார் காகிதம் ஆயிற்று. கஷாயம் குட்டைக்குப் போயிற்று. குட்டை நிரம்பிய ஆண்டுகளில் ஆற்றுக்குப் போயிற்று.

ஆறு பழுப்பு நிறம் கொண்டபோது ஆலைக்கு முத்திரை வைத்தார்கள். கஷாயத்தினால் ஒரு பயன் உண்டு என்று நாற்பது நாளுக்குள் மெய்ப்பித்துக் காட்டினால் கதவு திறக்கும். இல்லையென்றால் இயந்திரங்கள் கழற்றப்படும் என்று விசாரணைக் குழு எழுதிக் கொடுத்தது. நூற்றெண்பது குடும்பங்கள் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன. தொழிற்சங்கத் தலைவர் சடையப்பன் கூட்டத்தில் எழுந்து, “நம்மில் கஷாயத்தின் குணம் தெரிந்தவன் ரங்கன்தான். வேளாண் கல்லூரிக்கு அவனே போகட்டும்” என்றார். மறுப்பதற்கு ஒருவரும் இல்லை, பொன்னுரங்கமும் மறுக்கவில்லை.

முத்திரை விழுவதற்கு முன் தொட்டியிலிருந்து பிடித்து வைத்த நான்கு கேன் கஷாயத்தோடு அவர் கல்லூரிக்குச் சென்றார். உடுத்தியிருந்த வேட்டி, வெளுப்புக்காரர் வேட்டி என்று சொல்லும்படி பளிச்சென்று இருந்தது.

“டீச்சருங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்.”

“கேளுங்கண்ணா.”

“இந்தக் கறுப்பை எப்படிப் போக்கறதுங்க?”

மெஹருன்னிசா ஒரு நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியை அப்படியே எழுதினார். பொன்னுரங்கத்தின் விரல்கள் தாமாகவே அந்தத் தாளின் ஓரத்தைத் தடவின.

“நம்ம ஆலைத் தாளுங்க” என்றார். “வெண்மை நூத்துக்கு எண்பத்திரண்டு இருக்கும்.”

“தொட்டே சொல்லிப்போடுவீங்களா?”

“பார்த்துச் சொல்வேனுங்க. தொட்டது பாசத்துல.”

மெஹருன்னிசா சிரித்தார். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கண்ணாடிக் குடுவை ஒன்றையும் அமிலப் புட்டி ஒன்றையும் நகர்த்தி வைத்தார்.

“என்னைவிடப் பதினெட்டு வயசு மூத்தவர் நீங்க. நான் சொல்லிக் கொடுத்தாக் கேட்டுக்குவீங்களா?”

“கத்துக்க வந்த எடத்துல வயசைச் சுமந்துக்கிட்டு வரலீங்க. இந்த நாலு கேனையே சுமக்க முடியலை.”

அன்று முதல் பாடம் தொடங்கியது.

கஷாயத்தில் அமிலத்தைச் சொட்டச் சொட்ட, பால் திரிவதுபோல் அது திரிந்தது. பழுப்புச் சேறு அடியில் படிந்தது. சேற்றை வடித்து, தண்ணீரில் கழுவி, மறுபடி வடித்து, மறுபடி கழுவ வேண்டும். புளிப்பு அறவே நீங்கும்வரை பதினான்கு முறை கழுவ வேண்டியிருந்தது. பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். உலர்ந்த தூளை அசிட்டோனும் நீரும் கலந்த கலவையில் கரைத்து, சுழலும் தண்ணீருக்குள் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விட்டால், தண்ணீர் தேநீர்போல் கலங்கி நிற்கும்.

“இதுக்குள்ள மணி மணியா இருக்குதுங்கண்ணா. ஒரு தலைமுடிக்குக் குறுக்கே எண்ணூறு மணி வரிசையா நிக்கும். இதைத்தான் நானோங்கறாங்க.”

பொன்னுரங்கம் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார்.

“கண்ணுக்குத் தெரியாததை எப்படிங்க டீச்சர் நம்பறது?”

மெஹருன்னிசா சன்னல் கதவுகளைச் சாத்தினார். ஒரு குவளையில் வெறுந்தண்ணீரும், இன்னொன்றில் நீர் சேர்த்து நன்றாக இளக்கிய அந்தக் கலங்கலும் எடுத்தார். கைவிளக்கின் ஒளியைத் தண்ணீருக்குள் பாய்ச்சினார். ஒளி போன தடமே தெரியவில்லை. கலங்கலுக்குள் பாய்ச்சினார். உள்ளே ஒரு வெளிச்சக் கோல் குறுக்கே கிடந்தது.

பொன்னுரங்கம் நெடுநேரம் அந்தக் கோலைப் பார்த்தார். எப்படி நம்புவது என்று அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை.

அந்த மணிகளால் ஆக வேண்டிய வேலை கல்லூரித் தோட்டத்து வெண்டைப் பாத்தியில் இருந்தது. வெண்டையைத் துளைக்கும் புழுவுக்கு நோய் தந்து கொல்லும் பூஞ்சை ஒன்று உண்டு. அதை இலைமேல் தெளித்தால் நஞ்சு தெளிக்க வேண்டியதில்லை. ஆனால் அது வெயில் தாங்காது. காலையில் தெளித்த பூஞ்சை, உச்சிப்பொழுதுக்குள் இலையிலேயே செத்துப்போகும். அதன் வித்துகளைச் சுற்றி லிக்னின் மணிகள் கவசமாக ஒட்டிக்கொண்டால், மூன்று நாள் சித்திரை வெயிலிலும் அவை பிழைத்திருக்கும் என்பது மெஹருன்னிசாவின் கணிப்பு. குழுவும் அதையே தேர்வாக வைத்தது. நாற்பதாம் நாள் குழுவின் அதிகாரி வருவார். மூன்று நாள் வெயிலில் நின்ற இலையைத் தம் கையால் கிள்ளி, கழுவி, அந்த நீரைத் தட்டில் ஊற்றி முத்திரை வைப்பார். தட்டில் பூஞ்சை முளைத்தால் ஆலை பிழைக்கும்.

பதினாறு நாள் பாடுபட்டுப் பொன்னுரங்கம் நான்கு கேன் கஷாயத்தையும் சேறாக்கினார். பதினேழாம் நாள் மெஹருன்னிசா வெளியூர்க் கூட்டம் ஒன்றுக்குச் சென்றார். மூன்றாம் நாள் மாலைதான் திரும்புவார்.

பொன்னுரங்கம் தனியே நின்று சேற்றைப் பார்த்தார். அது ஆற்றின் நிறமாக இருந்தது. ஊரில் யார் பார்த்தாலும் முகம் சுளிக்கும் நிறம். வாசலில் இந்த நிறத்துத் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு ஆலைக்காரர்களைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றிய பெண்களை அவர் கண்டிருக்கிறார். இதையே அதிகாரியின் முன்னால் கொண்டுபோய் வைப்பதா? இலையில் தெளித்தால் இலையும் அழுக்காகத் தெரியாதா? அவருடைய கை குறுகுறுத்தது. அலமாரியில் பெராக்சைடு இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக அவர் கையாண்ட அதே வெளுப்பு மருந்து. எவ்வளவு சூடு, எவ்வளவு காரம், எவ்வளவு நேரம் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆசிரியை திரும்பி வந்தபோது, வெளிறிய வைக்கோல் நிறத்தில் சேறு தட்டுத் தட்டாக உலர்ந்துகொண்டிருந்தது.

“யாருங்கண்ணா இதை வெளுத்தது?”

“நாந்தானுங்க.” அவர் குரலில் பெருமை மறையவில்லை. “வேலை கொஞ்சம் கூடுதல்தான். சேறும் பாதியாக் கொறஞ்சுபோச்சு. ஆனா நெறத்தைப் பாருங்க. இன்னும் ஒரு கை பார்த்தா வெள்ளையே ஆக்கிப்போடுவேன்.”

“அத்தனையையுமா?”

“அரைகுறையா வெளுத்துப் பழக்கமில்லீங்க.”

மெஹருன்னிசா அலமாரிக்குள்ளிருந்து ஒரு சிறிய புட்டியை எடுத்தார். தாம் முன்பு செய்து வைத்திருந்த பழுப்பு மணிகள் அதில் ஒரு வரிசைக்கு மட்டும் போதும் அளவில் இருந்தன.

“இந்த வரிசைக்கு உங்களுடையது. அந்த வரிசைக்கு இது. ராத்திரிக்குள்ள மணியாக்கி, பூஞ்சையோட கலந்து நாளைக்குக் காலையில தெளிச்சுப்போடலாம்.”

தெளித்தார்கள். மூன்று நாள் வெயில் அடித்தது. இலைகளைக் கழுவித் தட்டில் ஊற்றினார்கள். மேலும் மூன்று நாள் காத்திருந்தார்கள்.

இருபத்தாறாம் நாள் காலையில் தட்டுகளைத் திறந்தார்கள். புட்டியிலிருந்து தெளித்த வரிசையின் தட்டில், பஞ்சு பிய்த்து வைத்ததுபோல் பூஞ்சை முளைத்திருந்தது. வெளுத்த மணிகளின் தட்டு, வைத்த அன்று இருந்தது போலவே வெறுமையாக இருந்தது.

பொன்னுரங்கம் வெறுந்தட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெளுத்தது தப்புன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏனுங்க சொல்லலை? ஆறு நாள் போச்சுங்களே.”

“சொல்லியிருந்தா வெளுத்தது திரும்பக் கறுத்திருக்குமா?”

“இல்லீங்க. ஆனா...”

“சரின்னு தலையை ஆட்டியிருப்பீங்க. அடுத்த தடவை நான் ஊருக்குப் போனதும் கொஞ்சமா வெளுத்துப் பாத்திருப்பீங்க.”

அது பொய் என்று சொல்லப் பொன்னுரங்கத்தால் இயலவில்லை.

மெஹருன்னிசா சன்னலோரம் சென்றார். அங்கே மாதக்கணக்காக வெயில் பட்டுக் கிடந்த ஒரு செய்தித்தாளை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டார். அது காய்ந்த வாழைச்சருகின் நிறத்தில் இருந்தது.

“இது ஏனுங்கண்ணா இப்படிப் பழுத்துப்போச்சு?”

இருபத்தெட்டு ஆண்டுகளாகப் புகார்க் கடிதங்களுக்குப் பதில் சொன்ன வாய் தயங்காமல் திறந்தது.

“செய்தித்தாளை முழுசா வெளுக்க மாட்டாங்க. உள்ளே லிக்னின் தங்கிரும். அது சும்மா இருக்குமுங்களா? வர்ற வெயிலையெல்லாம் தானே வாங்கிக் குடிச்சுக்கும். அதுக்குத்தானுங்க நாங்க விடாம வெளுத்து, அதை ஒட்டுமொத்தமா...”

அவர் பாதியில் நிறுத்தினார்.

வெளியே பாத்தியில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. பொன்னுரங்கம் அந்தத் தாளை மடித்தார். மடித்ததை மறுபடி விரித்தார். பிறகு தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“இன்னும் எத்தனை நாளுங்க இருக்கு?”

“பதினாலு. வெயில்ல வைக்க மூணு நாள் கழிச்சா பதினொண்ணு.”

“சேறாக்க மட்டும் முதல் தடவை பதினாறு நாள் ஆச்சு.”

“ஆமாங்கண்ணா.”

“கஷாயம் வேணுமே.”

“என்கிட்ட ஒரு சொட்டுக்கூட இல்லை.”

“எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியுங்க” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

ஆலை பூட்டிக் கிடந்தது. குட்டை மட்டும் சுற்றுச்சுவருக்கு வெளியே, வெயிலில் வற்றித் தார்ப்பாய் விரித்ததுபோல் கறுத்துக் கிடந்தது. பொன்னுரங்கம் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, மண்வெட்டியோடு அதற்குள் இறங்கினார். அடையடையாகக் காய்ந்திருந்ததை வெட்டி எடுத்தார். கரையில் சடையப்பன் வந்து நின்றார்.

“ஏப்பா ரங்கா, நாலு கேன் கொடுத்தனுப்பினோமே, எங்கே?”

“வெளுத்துப்போட்டேன்.”

“வெளுத்துப்போட்டியா?” சடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். “உன்னைப் போய் அனுப்பினேன் பாரு. ஆலையைத் திறந்துட்டு வாடான்னா, அதையும் சேர்த்து வெளுத்துட்டு வந்திருக்கே.”

“திட்டறதைக் கீழே வந்து திட்டுங்கண்ணா. ரெண்டாவது மண்வெட்டி சும்மாத்தான் கிடக்குது.”

சடையப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். இறங்கிய பிறகும் திட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் எட்டுச் சாக்கு நிரம்பியது.

குட்டையின் அடையில் பாதி மணலாக இருந்தது. அதைக் காரநீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். கல்லூரியில் இருந்த வடிதாள் ஒரு மணி நேரத்துக்குள் அடைத்துக்கொண்டது. நெருக்கமாக நெய்த பருத்தித் துணி வேண்டும் என்றார் மெஹருன்னிசா. பொன்னுரங்கம் தம் பையைத் திறந்தார். மடிப்புக் கலையாத வேட்டிகள் இரண்டு இருந்தன. நீலம் போட்டு, கஞ்சி போட்டு, தாமே வெளுத்தவை. இரண்டையும் வாளியின்மேல் விரித்துக் கட்டினார்.

“அண்ணா, அது திரும்ப வெள்ளையாகாதுங்க.”

“தெரியுங்க” என்று சொல்லிவிட்டு ஊற்றினார்.

அதன்பின் அவர் பேசியது குறைவு. ஒரே பெரிய தொட்டியில் அமிலம் விட்டுத் திரியவைத்த சேற்றை ஒன்பது வாளிகளில் பிரித்துக்கொண்டார். ஒன்றைக் கழுவும்போது மற்றவை படியும்படி வரிசை கட்டினார். வெளுப்புப் பிரிவில் ஒன்பது தொட்டிகளை ஒரே சமயத்தில் ஓட்டிய பழக்கம் அது. பதினான்கு முறை கழுவ வேண்டியதைப் பதின்மூன்றோடு நிறுத்த அவர் உடன்படவில்லை. ஒரு நாள் பிற்பகல் கை தவறி ஒரு வாளி கவிழ்ந்தது. சிந்தியதை அவர் நின்று பார்க்கவில்லை. அடுத்த வாளிக்கு நகர்ந்தார். மணிகளைச் சொட்டவிடும் நாளில், கடிகாரத்தைப் பாராமல் தம் மூச்சை எண்ணிச் சொட்டினார். அவசரப்பட்டால் மணிகள் கட்டியாகிவிடும் என்று மெஹருன்னிசா சொல்லியிருந்தார்.

அந்தப் பதினொரு நாளில் பத்தாம் நாள் மாலை, சன்னலைச் சாத்திக் கைவிளக்கை அவரே அடித்துப் பார்த்தார். வெளிச்சக் கோல் நேராகக் கிடந்தது.

மறுநாள் காலை வெண்டைப் பாத்தியில் தெளித்தார்கள்.

குறித்த நாளில் அதிகாரி வந்தார். பெயர் தணிகாசலம்; கறாரான மனிதர். இலைகளைத் தாமே கிள்ளினார், தாமே கழுவினார், தட்டுகளை மூடித் தாளொட்டிக் கையெழுத்திட்டு, தாமே எடுத்துச் சென்றார். மூன்றாம் நாள் நண்பகலில் அவற்றோடு திரும்பி வந்தார். சடையப்பனும் ஆலைத் தொழிலாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் பாத்தியோரம் நின்றார்கள். வெயில் கண்ணைக் கூசவைத்தது. அதிகாரி ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, தட்டுகளைப் பலகையின்மேல் வைத்து முத்திரையைக் கிழிக்கச் சொன்னார்.

நான்கு தட்டுகள். நான்கிலும் பஞ்சு முளைத்திருந்தது.

சடையப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தணிகாசலம் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பெழுதினார். பிறகு மணிகள் இருந்த புட்டியைக் கையிலெடுத்து, லேசாக முகம் சுளித்தார்.

“பயன் இருக்குது, ஒப்புக்கறேன். ஆனா இந்த நிறம்தான் நல்லா இல்லை. விவசாயி கையில கொடுக்கற பொருள், இப்படி அழுக்குத் தண்ணி மாதிரி இருக்கலாமா? கொஞ்சம் வெளுத்துக் கொடுக்க முடியாதா?”

பொன்னுரங்கம் ஆசிரியையைப் பார்த்தார்.

“என்னைக் கேக்காதீங்க சார்” என்றார் மெஹருன்னிசா. “வெளுக்கறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அவரைக் கேளுங்க.”

பொன்னுரங்கம் ஓரடி முன்னால் வந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

“ஐயா புடிச்சிருக்கற குடை என்ன நெறமுங்க?”

தணிகாசலம் அண்ணாந்து பார்த்தார். “கறுப்பு.”

“கண்ணாடி மாதிரி, வெயில் அப்படியே உள்ளே வர்றாப்புல குடை விக்கறாங்க. பார்க்க அழகா இருக்கும். மாத்தித் தரட்டுங்களா?”

கூட்டத்தில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அதிகாரி பொன்னுரங்கத்தையும் பழுப்பேறிய அவர் வேட்டியையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு குடையைச் சற்றுத் தாழ்த்தி நிழலுக்குள் நன்றாக நகர்ந்துகொண்டு, கடைசி வரியையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை ஆலை திறக்கும் என்று முடிவாயிற்று. எல்லோரும் போன பிறகும் பொன்னுரங்கம் போகவில்லை. வாளிகளைக் கழுவிக் கவிழ்த்தார். சோதனை மேசையைத் துடைத்தார்.

“டீச்சருங்க, வெளுப்புப் பிரிவுல என் எடம் அப்படியே இருக்குதாம். சடையப்பன் சொல்லிட்டுப் போனாரு.”

“நல்லதுங்கண்ணா.”

“நான் போறதா இல்லீங்க.”

மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தார்.

“இருபத்தெட்டு வருசம் இதை அழுக்குன்னு நெனைச்சுத் தொரத்துனேன். தொரத்துனது எங்கே போச்சுன்னு ஒரு நாளும் கேக்கலை. இனிமே பெராக்சைடு டப்பாவைக் கையால தொடக் கூடாதுன்னு இருக்கேன். வாளி கழுவிக்கிட்டு இங்கேயே கிடக்கறேன்.”

மெஹருன்னிசா மேசையிலிருந்த நோட்டை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

“படிங்க.”

“கறுப்பை எப்படிப் போக்கறது” என்று பொன்னுரங்கம் படித்தார். வெட்கத்தோடு சிரித்தார். “நான் வந்தன்னைக்குக் கேட்டதுங்க.”

“எழுத்து நல்லாத் தெரியுதுங்களா?”

“பளிச்சுனு தெரியுதுங்க.”

“மை கறுப்பு. சரி. தாளை வெளுத்தது யாருங்கண்ணா?”

பொன்னுரங்கத்தின் விரல்கள் தாளின் ஓரத்தில் நின்றன.

மெஹருன்னிசா நோட்டை அவர் கையிலேயே விட்டுவிட்டு, கவிழ்த்த வாளிகளில் ஒன்றை நிமிர்த்தி வைத்தார்.

“திங்கட்கிழமை சங்கு ஊதறதுக்குள்ள உங்க எடத்துக்குப் போயிருங்க. கஷாயம் வடிஞ்சதும் இதுல புடிச்சு எனக்குக் கொடுத்தனுப்புங்க.”